போர்வைச் சுமையும் பொழுதுச் சுமையும்

தாயின் அணைப்பிலே குழந்தை அமைதியுறுவது உலகறிந்த உண்மை. அவ்வணைப்பையே நிறுத்து விற்கும் வாணிகம் ஒன்று இந்நாளில் தழைத்துள்ளது. கண்ணாடி மணிகளை உள்ளடைத்துத் தைத்த கனப்போர்வையை, உடலெடையில் பத்தில் ஒரு பங்கு கனம் பார்த்து வாங்கிப் போர்த்திக்கொண்டால் உறக்கம் ஓடிவரும் என்கின்றனர் விற்போர். 2017ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று இப்போர்வைக்காகப் பொதுமக்களிடம் 40 இலட்சம் டாலருக்கு மேல் முன்பணம் திரட்டியது. உறக்கத்திற்கு உலகம் எவ்வளவு ஏங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

போர்வையை அடியோடு பழிப்பது நம் நோக்கமன்று. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய குழந்தைகளை அமைதிப்படுத்தச் சிகிச்சையாளர் கையாண்ட கருவி அது. எனினும், இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், அத்தகைய 67 பிள்ளைகளுள் பலர்க்குப் போர்வை பிடித்திருந்தது. உறங்கிய நேரமோ கூடவில்லை. சுவீடனில் நடத்தப்பட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, மனநோயோடு உறக்கமின்மையாலும் வாடிய 120 பெரியவர்களை ஆராய்ந்து, அதனால் நலம் விளைந்ததெனக் கூறிற்று. மனக்கலக்கத்தால் துயில் இழந்தோர்க்கு அப்பாரம் துணையாகுமாயின் ஆகுக!

நம் மாணவரின் துயிலைப் பறிப்பதோ கடிகாரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பர் மருத்துவர். அப்பருவத்தில் உறக்கம் இயல்பாகவே பிந்தி வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலான பள்ளிகள் காலை 7.30 மணியளவில் தொடங்குகின்றன. பேருந்தைப் பிடிக்க 5.30க்கு எழும் மாணவன், 8 மணி நேரம் உறங்க வேண்டின், இரவு 9.30க்கே கண்ணயர்தல் வேண்டும். துணைப்பாட வகுப்பு முடிந்து 9 மணிக்கு வீடு திரும்பி, அதன்பின் வீட்டுப்பாடத்தைத் திறப்பவனுக்கு இழந்த நேரத்தை எந்தப் போர்வை மீட்டுத்தரும்? தலையணை மாற்றினால் தலைவலி போகுமா?

பேருந்து நேரத்தையும் பெற்றோரின் பணி நேரத்தையும் காட்டி, பள்ளி நேரத்தை மாற்ற இயலாது என்பாரும் உளர். சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. மாணவியர் கூடுதலாக உறங்கினர், பகற்சோர்வு குறைந்தது, ஒன்பது திங்கள் கழிந்தும் அப்பயன் ஓரளவு நிலைத்தது. இயலாதென்போர்க்கு இதுவே விடை.

பள்ளி மணியை மாற்றும் அதிகாரம் ஆசிரியர் ஒருவர்க்கு இல்லாதிருக்கலாம். வீட்டுப்பாடத்தின் அளவு அவர் கையில் உள்ளதன்றோ? தமிழாசிரியரே இதில் முந்திக்கொள்ளட்டும்: இன்று கொடுத்து நாளையே கேட்கும் கட்டுரை இனி வேண்டா. பெற்றோர் இரவு வகுப்புகளைக் குறைக்கட்டும். 45 கிலோ எடையுள்ள பிள்ளைமீது 4.5 கிலோப் போர்வையை ஏற்றுமுன், நாம் ஏற்கெனவே ஏற்றியவற்றை இறக்குவோம்.