குழிக்குள் இறங்குபவருக்கும் குடும்பம் உண்டு!

போன மாதம் எங்கள் தெருவில் பாதாள சாக்கடை அடைத்துக்கொண்டது. வாசலெல்லாம் நாற்றம். 'இன்னிக்கே ஆள் அனுப்புங்க' என்று புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வந்த இரண்டு பேரில் சின்னவர், இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் இறங்கத் தயாரானார். 'ஏம்பா, மெஷின் வண்டி வராதா?' என்றேன். 'அது வர நாளாகும்மா. நான் கான்ட்ராக்ட் ஆளு. இறங்கலேன்னா நாளைக்கு வேலை இருக்காது' என்றார். எதிர்வீட்டு மாமியும் நானும் பிடிவாதமாகத் தடுத்துவிட்டோம். மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தோம், மெஷின் வந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நிரந்தர அரசு ஊழியர் பணியில் இறந்தால் குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கும் வழி என்று ஏதோ பிடிமானம் இருக்கிறது. அதே அரசு வேலையைக் கான்ட்ராக்டில் செய்பவரின் மனைவி எதைப் பிடித்துக்கொள்வாள்? அவளுக்கு இழப்பீடுதானே பெரிய துணை!

பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது என்று 2013-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. மீறினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமாகி உழைக்க முடியாமல் போனால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. பிள்ளைகள் படிப்புக்கும், குடும்பத்தில் ஒருவர் வேலைக்கும் வழி செய்யச் சொன்னது.

இதெல்லாம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? கான்ட்ராக்டர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போடக் கூடாது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கி வைக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கிடைப்பார். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. குழிக்குள் இருக்கும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். மயங்கியவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் அங்கேயே விழுந்துவிடுகிறார். ஒரே குழியில் இரண்டு, மூன்று உயிர் போவது இப்படித்தான்.

30 லட்சம் வந்தாலும் அப்பா வருவாரா? 'காசு கொஞ்சம் குறையும்' என்று நம் வீட்டு செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால், அந்தச் சட்டம் நமக்கும்தான். இனி லாரி மெஷினையே கூப்பிடுவோம், வர நாலு நாள் ஆனாலும் பொறுப்போம். என்ன தோழிகளே, சரிதானே?

- ஒரு வாசகி, திருச்சி.