உங்க ஏரியா எது?

ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னைக்கு ஞாபகசக்தி கூடிவிடுகிறது. 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து 2004-லிருந்து மெட்ராஸ் டே கொண்டாடுகிறோம். ஜார்ஜ் டவுனில் ஒரு நடை, மயிலாப்பூரில் ஒரு நடை, பழைய போட்டோக்கள், ஃபில்டர் காபி. அங்கே பேசுகிறவர்கள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: “நம்ம ஏரியா முன்ன மாதிரி இல்ல சார். யார் யாரோ வந்துட்டாங்க.”

இந்த ‘நம்ம’வோடும் ‘யார் யாரோ’வோடும்தான் எனக்குச் சண்டை.

எனக்கு ஊர் மணவூர். அரக்கோணம் லோக்கலில் செஞ்சி பனம்பாக்கம் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன், திருவாலங்காட்டுக்கு முந்தினது. சென்ட்ரலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது ஒரு மஞ்சள் போர்டு, அவ்வளவுதான். விடிவதற்கு முன்னால் வருகிற வண்டியில் அங்கிருந்து கூடையோடு ஏறுகிறவர்களில் என் அத்தையும் ஒருவர். முப்பது வருஷமாக வில்லிவாக்கத்தில் ஒரே தெருவில் கீரை விற்கிறார். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, மழைக்காலமென்றால் பொன்னாங்கண்ணி. மேலே ஈரச்சாக்கு.

அந்தத் தெருவைப் பற்றி அத்தைக்குத் தெரிந்தது அங்கே யாருக்கும் தெரியாது. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டு மருமகள் கீரை ஆய மாட்டாள் என்பதால் ஆய்ந்தே கொடுக்க வேண்டும், எந்த வீட்டுப் பெரியவர் செத்த பிறகும் அந்தம்மா பழக்கதோஷத்தில் இரண்டு கட்டு வாங்கி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஓட்டு வீடு மாடி வீடாகி, மாடி வீடு அபார்ட்மென்ட் ஆனதை அவர் பார்த்திருக்கிறார். மூன்றாவது வாசலில் இருந்த முருங்கை மரத்தை வெட்டின அன்று வீட்டுக்காரர்களைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். கொஞ்சம் தொழில்முறை வருத்தமும் இருந்திருக்கலாம்.

ஆனால் அத்தை அந்த ஏரியாக்காரர் இல்லை. ஏனென்றால் அவர் அங்கே தூங்குவதில்லை.

நகரத்தில் நாம் குடியுரிமை கொடுப்பது தூக்கத்துக்கு. எங்கே தலை சாய்க்கிறாயோ அங்கேதான் உன்னை எண்ணுவார்கள், அங்கேதான் உனக்கு ஓட்டு. மற்றபடி பகல் முழுக்க எந்தத் தெருவில் நின்று வெயில் வாங்கினாலும் அது கணக்கில் வராது. தமிழ்நாட்டில் 2022-ல் ஏரியா சபைகளுக்கு விதிகள் வந்தன. குடிமக்கள் உட்கார்ந்து தெருவிளக்கும் சாக்கடையும் பேச வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தச் சபையின் உறுப்பினர் என்பவர் அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் இருப்பவர். அந்தத் தெருவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு அங்கே ஒரு நாற்காலி கிடையாது. நேற்று வாடகைக்கு வந்து, லேப்டாப்பை விட்டு நிமிராமல், முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டவனுக்கு உண்டு. அந்த இரண்டாவது ஆள் நான்தான். அதற்கு வருகிறேன்.

‘யார் யாரோ வந்துட்டாங்க’ என்பவர்களுக்கு வரலாறும் சாதகமாக இல்லை. ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856 ஜூலையில். மணவூரைத் தாண்டிப் போகும் பாதை அதுதான். அப்போது தி.நகர் ஒரு ஏரி. 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டபிறகுதான் அங்கே ‘பழைய குடும்பங்கள்’ உண்டாயின. அண்ணா நகருக்கு இன்னும் வயது குறைவு: 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்து, கோபுரம் எழும்பி, நடுவக்கரை கிராமம் நகராக மாறியது. நடுவக்கரைக்காரர்கள் அன்று “நம்ம ஊரு முன்ன மாதிரி இல்ல” என்று சொல்லியிருப்பார்கள். அதைக் குறித்துவைக்க யாரும் நடை கூட்டிப் போகவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோடு போடுவது புதிதுமில்லை. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. படாஸ்கர் தீர்ப்புக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதி இந்தப் பக்கம் வந்தது. அத்தை இன்றைக்கும் கணக்குப் போடும்போது தெலுங்கில்தான் முணுமுணுப்பார். எல்லை இப்படியும் அப்படியும் நகர்ந்தபோதும் கூடைக்காரர்கள் ரயிலேறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நகரம் வெளியூரை வேண்டாமென்று சொல்வதே இல்லை, அதுதான் வேடிக்கை. வெளியூர்க்காரரைத்தான் வேண்டாமென்கிறது. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்தபோது ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வண்டி எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. போய் நின்ற இடம் வில்லிவாக்கம். அத்தை இறங்குகிற அதே வில்லிவாக்கம். தண்ணீருக்கு அங்கே வரவேற்பு நடந்தது, கேமராக்கள் வந்தன. “நீ எந்த ஏரியா?” என்று தண்ணீரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமே ஊரடங்கு. மார்ச்சில் நின்ற லோக்கல் அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடத் தொடங்கியது. கீரை அத்தியாவசியமாக இருந்தது, கீரைக்காரி இல்லை. அத்தை வீட்டிலிருந்தபடி, அந்த வீட்டுச் சர்க்கரைக்காரர் என்ன சாப்பிடுகிறாரோ என்று கவலைப்பட்டார். அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. கேட்டால், “அவங்ககிட்ட என் நம்பர் ஏது நைனா” என்றார். முப்பது வருஷம்!

இப்போது நிலமும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசு முடிவெடுத்தது. எங்கள் பக்கம் நெல் வயலில் கலர் கொடி நட்டு, ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று போர்டு வைக்கிறார்கள். அத்தையின் நிலம் சென்னைக்கு மிக அருகில். அத்தை மட்டும் தூரத்தில்.

இனி என் கதை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எனக்கு வேலை. ஆறு வருஷம் சீசன் டிக்கெட்டில் பட்டரைவாக்கத்தில் இறங்கி ஏறினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே ஒரு அபார்ட்மென்டுக்கு வாடகைக்கு வந்தேன். ஒரே வருஷத்தில் நானும் ‘நம்ம ஏரியா’ என்று பேச ஆரம்பித்துவிட்டேன். வாய் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். நிகழ்ச்சிநிரலில் மூன்றாவது: கேட்டுக்கு வெளியே பிளாட்பாரக் கடைகள். ஒரு இளநீர், ஒரு இஸ்திரி வண்டி, ஒரு கீரைக்காரப் பெண். எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாக்கர் வைத்து நடக்கும் ஒரு அம்மா பேசினார், பிளாட்பாரத்தில் இடமில்லாமல் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்றார். அது பொய்யில்லை. அந்த அம்மாவுக்கு வழி வேண்டும். ஆனால் அதே பிளாட்பாரத்தில் எங்கள் அபார்ட்மென்டுக்காரர்கள் நிறுத்தின நான்கு பைக்குகள் நிகழ்ச்சிநிரலில் இல்லை.

2014-லேயே தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே இருப்பவரை எழுப்பக் கூடாது என்கிறது அது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று பேசும் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. வாக்கர் அம்மாவும் கீரைக்காரப் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கான வழி அது. 2020-ல் வந்த ஸ்வநிதி கடன் திட்டத்திலோ, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வந்து விற்பவர்களும் தகுதியானவர்கள் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது, அவர்கள் ரயிலில் வருகிறார்கள் என்று.

எனக்கும் தெரிந்திருந்தது. சட்டத்தை முந்தின வருஷமே அத்தைக்காகத் தேடிப் படித்திருந்தேன். பாயிண்ட் பாயிண்டாகச் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. எதிர் வரிசையில் என் மேனேஜரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார், அட்வான்ஸ் பணம் ஓனரிடம் இருந்தது, பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட்டுக்குச் சங்கத்துச் செயலாளர்தான் ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் காரணங்களா என்றால், அன்றைக்குக் காரணங்களாகத்தான் இருந்தன. “எல்லாருக்கும் ஓகேதானே?” என்றார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அந்த இடத்தில் சிமென்ட் தொட்டிகள் வந்தன, குரோட்டன்ஸ் செடியோடு. வாக்கர் அம்மா இப்போதும் ரோட்டில்தான் நடக்கிறார். தொட்டி இளநீர் வண்டியைவிட அகலம்.

பத்து நாள் கழித்து அத்தை போன் பண்ணினார். வெண்டார் பெட்டியில் செய்தி எந்த ஆப்பையும்விட வேகமாகப் போகும்.

“மோசூர் பொண்ணு ஒண்ணு, நம்ம வண்டியிலதான் வரும். ரெண்டு புள்ளைங்க. அத எழுப்பி வுட்டுட்டாங்களாம். உங்க ஏரியாவுலதான நைனா அது?”

“ஆமா அத்த.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னணியில் வண்டிச் சத்தம். வேப்பம்பட்டோ திருநின்றவூரோ தாண்டிக்கொண்டிருந்திருப்பார்.

“நீ அங்கதான் இருக்கேன்னு நான் அதுகிட்ட சொல்லல” என்றார்.