16,499 ரூபாய் ஜோலா ஸ்மார்ட்போன்: மூன்றாவது இயங்குதளம் எங்கே தடுமாறியது?

புதுடெல்லி: ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் அல்லாத இயங்குதளம் ஒன்றுக்கு இந்தியச் சந்தையில் இடம் உண்டா என்ற கேள்வி, உள்நாட்டு மென்பொருள் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் உடன் எழுகிறது. இதற்கு ஊகத்தில் விடை தேட வேண்டியதில்லை. நடுத்தர விலையில் அத்தகைய கைபேசி ஒன்று 2014 செப்டம்பரில் இங்கு விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ஜோலா. அதில் இயங்கியது செயில்ஃபிஷ்.

நோக்கியா நிறுவனம் 2011 பிப்ரவரியில் விண்டோஸ் பக்கம் சாய்ந்தபோது, அது வளர்த்துவந்த மீகோ இயங்குதளம் கைவிடப்பட்டது. அப்பணியில் இருந்த பொறியாளர்கள் சிலர் வெளியேறி பின்லாந்தில் தொடங்கியதே ஜோலா. அந்நாட்டு மொழியில் ஜோலா என்றால் சிறு படகு. நோக்கியா எரியும் மேடையில் நிற்கிறது என்று அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் இலாப் ஊழியர்களுக்கு எழுதிய மடலை அறிந்தவர்களுக்கு இப்பெயரின் குறும்பு புரியும்.

இந்தியாவில் ஸ்னாப்டீல் தளம் வழியாக 16,499 ரூபாய்க்கு ஜோலா விற்கப்பட்டது. 4.5 அங்குலத் திரை, 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இரட்டைக் கரு சிப், 1 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பகம், 8 மெகாபிக்சல் கேமரா, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி ஆகியவை அதன் அம்சங்கள். இவ்விலைக்கு இவை குறைவு என்பதை மறுக்க முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஷாவ்மி தனது எம்ஐ 3 கைபேசியை, அக்காலத்தின் உயர்ரக ஸ்னாப்டிராகன் 800 சிப்புடன் 13,999 ரூபாய்க்கு இறக்கியிருந்தது. ஜோலா வருவதற்குச் சில நாட்களுக்கு முன் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் கைபேசிகள் 6,399 ரூபாயில் அறிமுகமாயின. அம்சப் பட்டியலைப் பார்த்து வாங்குபவர் ஜோலாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இருக்கவில்லை.

ஆனால் கையில் எடுத்துப் பயன்படுத்தும்போது கணக்கு மாறியது. திரைக்குக் கீழே பொத்தான்கள் இல்லை. விளிம்பிலிருந்து விரலால் தள்ளினால் செயலி ஒதுங்கி, முகப்பில் ஒரு சிறு அட்டையாக அமர்ந்து தொடர்ந்து இயங்கும். பாடலை நிறுத்துவதையும் மாற்றுவதையும், செயலியைத் திறக்காமல் அந்த அட்டையிலேயே செய்யலாம். புதியவர் முதல் சில நாட்கள் திணறக்கூடும். பழகிய பின் ஒரு கையால் முழுக் கைபேசியையும் ஆளலாம். இன்று எல்லாக் கைபேசிகளிலும் காணப்படும் விரலசைவு முறையை இச்சிறு நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பின்மூடியை மாற்றினால் திரையின் வண்ணமும் ஒலியும் மாறும் ஏற்பாடு மட்டும் வேடிக்கை என்பதற்கு மேல் பயன்படவில்லை.

அம்சப் பட்டியல் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் பெருவெற்றி பெற்ற முதல் மோட்டோ ஜி, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்போடு நின்றுபோனது. ஜோலாவுக்கோ 2020 வரை புதிய பதிப்புகள் வந்தன. ஒரு கைபேசிக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மென்பொருள் ஆதரவு என்பது அன்றைய ஆண்ட்ராய்டு உலகில் கேள்விப்படாத ஒன்று.

அப்படியிருந்தும் அது நிலைக்காததற்குக் காரணம் செயலிகள். செயில்ஃபிஷுக்கென எழுதப்பட்டவை சொற்பம். எனவே ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் மென்பொருள் அடுக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. அது வேலை செய்தது. ஆனால் அந்தக் கைபேசியில் அது ஆண்ட்ராய்டு 4.1 நிலையிலேயே கடைசி வரை தங்கிவிட்டது. இயங்குதளம் இளமையாக இருக்க, அதன் உள்ளே இருந்த ஆண்ட்ராய்டு மூப்படைந்தது. செயலிகள் புதிய பதிப்பைக் கேட்கத் தொடங்கியபோது ஒவ்வொரு கதவாக மூடின.

இந்தியாவில் இக்கதவுகளின் மதிப்பு 2016இல் ஒரேயடியாக உயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் இன்டெக்ஸ் நிறுவனம் செயில்ஃபிஷ் இயங்குதளத்துடன் அக்வா ஃபிஷ் என்ற கைபேசியை 5,499 ரூபாய்க்கு வெளியிட்டது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. டிசம்பர் 30ஆம் தேதி பீம் செயலி வந்தது. முதலில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். தேநீர்க் கடை வரை யுபிஐ பரவிய பின், கைபேசி என்பது பணப்பையும் ஆயிற்று. இதில் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வங்கிச் செயலிகள் பல, தாம் இயங்கும் கருவி நம்பத்தக்கதுதானா என்பதைக் கூகுளின் சேவையைக் கேட்டே உறுதிசெய்கின்றன. கூகுளின் சான்று பெறாத கருவி எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் அச்சோதனையில் தேறுவது அரிது. மோசடியைத் தடுக்க இத்தகைய சரிபார்ப்பு தேவை என்ற வங்கிகளின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், போட்டியாளரின் கருவி தகுதியுடையதா என்று சொல்லும் அதிகாரம் சந்தையை ஆளும் நிறுவனத்திடமே இருப்பது இயல்பான ஏற்பாடு அல்ல.

மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் கைபேசியும் (இன்டெக்ஸ் அதை 1,999 ரூபாய்க்கு விற்றது) சாம்சங்கின் டைசனும் இதே காலத்தில் வந்து மறைந்தன. ஜோலா 2015 இறுதியில் நிதி நெருக்கடிக்குள்ளாகி, பணியாளர்களில் பெரும்பகுதியினரைத் தற்காலிகமாக நீக்கியது. கூட்டு நிதி திரட்டி அறிவித்த டேப்லெட்டை முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலோருக்கு வழங்க முடியவில்லை. தொழில்நுட்பம் நன்றாக இருந்தும், விற்பவரின் கைவலிமையை ஆராயாமல் பணம் கட்டியவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு அது.

விதிவிலக்கு கைஓஎஸ். ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தின் வழித்தோன்றலான அது, 2017இல் ஜியோபோனில் ஏறி மக்களிடம் சென்றது. அதைத் தூக்கிச் சுமந்தது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம். 2018இல் வாட்ஸ்அப்பும் வந்தது. அதே ஆண்டு கைஓஎஸ்ஸில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது வேறு யாருமல்ல, கூகுள்.

இந்தப் பின்னணியில்தான் சென்னை ஐஐடியின் ஆதரவில் உருவாகி 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் முன்னிலையில் காட்டப்பட்ட பரோஸ் இயங்குதளத்தையும் பார்க்க வேண்டும். அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மீது கட்டப்பட்டது என்பதால், செயலிகளை இயக்குவதில் ஜோலாவுக்கு இருந்த இடர் அதற்குக் குறைவு. ஆனால் கூகுள் சேவைகள் இல்லாத கருவிக்கு வங்கிச் செயலி கதவு திறக்குமா என்ற கேள்வி அதற்கும் பொருந்தும். 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவு, கைபேசி நிறுவனங்களுடன் கூகுள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைச் சுற்றியே அமைந்தது. வங்கிச் செயலிகள் நடத்தும் கருவிச் சோதனை அந்த வழக்கின் மையத்தில் இல்லை. அதில் மாற்றம் கொண்டுவரும் இடங்கள் ரிசர்வ் வங்கியும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமும் ஆகும்.