கையொப்பம் கேட்டு ஒரு கடிதம்

முத்திரை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம்மிடையே பலர் உளர். கையொப்பம் சேர்க்கும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் தமது சேகரிப்புப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். அவர் முகத்தில் வாட்டம். புகழின் உச்சியிலே நிற்கும் கிரிக்கெட் வீரர் மூவருக்குக் கடிதம் எழுதினாராம். இருவர் பதில் எழுதவில்லை. மூன்றாமவரிடமிருந்து வந்ததோ அச்சடித்த கையொப்பம். “ஐயா, இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடலாமா?” என்று கேட்டார்.

“விட வேண்டாம், தம்பி, எழுதும் ஆளை மாற்றிப் பாரும்” என்றேன்.

மூட்டை மூட்டையாகக் கடிதம் பெறுபவருக்கு உறைகளைப் பிரிக்கவே பொழுது போதாது. கையொப்பமிடுவதற்கென்றே இயந்திரம் தோன்றியதும் அதனாலன்றோ? ஆனால், ஒரு காலத்தில் நாட்டின் பெயரை மார்பிலே தாங்கி ஓடிவிட்டு, இன்று அமைதியாக வாழும் ஒருவரின் வீட்டுக்கு இத்தகைய கடிதம் வருவது அரிது. வந்தால், அவர் அதை ஆறுதலாக இருந்து வாசிப்பார்.

எழுதும் முறை எளிது. வீட்டு முகவரியைத் துருவித் தேடாதீர்கள். அவருடைய விளையாட்டுச் சங்கத்தின் மூலமோ, படித்த கல்லூரியின் மூலமோ அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. எந்த ஆண்டில், எந்தப் போட்டியில் அவர் என்ன செய்தார் என்பதைச் சரியாக அறிந்து எழுதுங்கள். ஒரேயொரு கேள்வி கேளுங்கள். வெற்று அட்டை இரண்டு வையுங்கள். ஒன்று பழுதானால் மற்றது உதவும். உங்கள் முகவரியெழுதி முத்திரை ஒட்டிய உறையும் உடன் செல்லட்டும். வெளிநாடாயின் நமது முத்திரை அங்கே செல்லாது. அங்குள்ள உறவினர் மூலம் அந்நாட்டு முத்திரையைப் பெறலாம். பின்னர், மாதக் கணக்கிற் பொறுத்திருங்கள்.

இவ்வளவு உபதேசமும் செய்கின்ற நான் தவறவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். அதற்கு முன்னரே 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டவர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஆயினும், இன்றைய மாணவரிடையே அவர் பெயரைச் சொன்னால், “யார் அவர்?” என்பாரே மிகுதி.

அவரிடம் நான் கேட்க விரும்பியது மிகச் சிறிய கேள்வி. நுரைமெத்தை பரவாத அக்காலத்தில், வீட்டு வாசல் நிலையளவு உயரத்தைத் தாண்டி மணலிலே விழுந்து பழகும்போது அச்சமாக இருக்கவில்லையா என்பதே அது. அட்டையும் வாங்கி வைத்தேன். “அடுத்த வாரம் எழுதலாம்” என்று ஆண்டுகளைக் கழித்தேன். 2024இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது, அந்த அட்டைகள் என் மேசை அறையிலே வெறுமையாகவே கிடந்தன.

கேட்டுக்கொண்டிருந்த மாணவர், தம் கிராமத்தில் முன்னொரு காலம் ஓட்டவீரராக விளங்கிய முதியவர் ஒருவர் இருப்பதாக மெல்லச் சொன்னார். அவருக்கே முதற் கடிதம் எழுதப்போகிறாராம்.

அன்பர்களே, உங்கள் நினைவிலும் அப்படி ஒரு பெயர் எழக்கூடும். இன்று ஞாயிறு, ஓய்வு இருக்கிறது. எழுதி வையுங்கள். நாளைக் காலை தபாற் கந்தோர் திறந்ததும் சேர்த்துவிடலாம்.