பயிரை மேய்ந்த மாட்டுக்குப் பவுண்டு. ஆட்டைக் கடித்த நாய்க்கு?

காங்கயம், வெள்ளக்கோவில், முத்தூர் வட்டாரங்களில் செம்மறி ஆடு வளர்ப்போர் கடந்த சில ஆண்டுகளாக விடியற்காலையில் பட்டிக்குச் செல்வதற்கே அஞ்சுகின்றனர். மாலையில் எண்ணி அடைத்த ஆடுகளில் சில கழுத்து குதறப்பட்டும், சில பின்தொடை கிழிந்தும் கிடக்கின்றன. நாய்கள் பசிக்காக ஓர் ஆட்டைக் கொன்று தின்றுவிட்டுப் போவதில்லை. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓட ஓட, அவையும் விடாமல் துரத்திக் கடிக்கின்றன. பத்து ஆடு செத்தால் தின்றது ஒன்றாகக்கூட இராது. கடிபடாமல் தப்பிய சினை ஆடுகளும் மிரட்சியில் குட்டி வீசிவிடுவதுண்டு. இந்தக் கணக்கு எந்த மனுவிலும் ஏறுவதில்லை.

2024லும் 2025லும் இப்பகுதி விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்திப் போராடினார்கள். அதன் பலனாக, தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு நிவாரணம் வழங்க 2025ல் அரசு முன்வந்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நிவாரணம் என்பது ஆடு செத்த பிறகு வருவது. ஆடு சாகாமல் இருக்க வழி என்ன, சாகக் காரணமானவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

கொங்குச் சீமையின் மேட்டு நிலத்தில் ஆடு என்பது வெறும் உபதொழில் அன்று. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்த கொரங்காட்டில் மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைக் காப்பாற்றுவது செம்மறிதான். பள்ளிக் கட்டணமோ, வைத்தியச் செலவோ, வங்கித் தவணையோ எது வந்தாலும் இரண்டு கிடாயைப் பிடித்துச் சந்தைக்கு ஓட்டுவதே வழக்கம். ஒரே இரவில் பட்டி காலியானால் அந்த வீட்டின் சேமிப்பு முழுவதும் போயிற்று என்றே பொருள்.

இத்தகைய நட்டத்துக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்று பார்த்தால் வேடிக்கையான நிலைமை தெரிகிறது. கால்நடைகள் அத்துமீறி நுழைவது பற்றிய சட்டம் 1871ல் இயற்றப்பட்டது. ஒருவர் நிலத்தில் மற்றவர் மாடு புகுந்து பயிரை அழித்தால், சாகுபடி செய்பவரே அதைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பலாம். மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க வேண்டும். ஏழு நாளில் எவரும் வராவிட்டால் அறிவிப்பு ஒட்டி, அதன் பின்னும் ஏழு நாள் பார்த்து ஏலம் விடலாம். பிடித்த மாட்டை வலுக்கட்டாயமாக ஓட்டிச் சென்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்து 500 ரூபாய் சிறு தொகை அன்று.

இச்சட்டத்தில் கால்நடை என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஆடு, மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி மட்டுமல்ல, யானையும் ஒட்டகமும்கூட அதில் உண்டு. காங்கயத்துச் சோளக்காட்டில் ஒட்டகம் புகுந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் நாய் இல்லை. சட்டம் எழுதியவர்களின் கவலை பயிரைப் பற்றியது. நாய் பயிரை மேய்வதில்லை என்று விட்டுவிட்டார்கள் போலும்.

பவுண்டு முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. வரப்புச் சண்டையை மனதில் வைத்து, சாலையோரம் நின்ற மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் அடைத்தவர்கள் உண்டு. முறைகேடாகப் பிடித்தால் பிடித்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் சேர்த்திருப்பதிலிருந்து இது அப்போதே தெரிந்த விஷயம் என்பது விளங்கும். இன்று பல ஊர்களில் பவுண்டு இருந்த இடத்தில் குட்டிச்சுவர்தான் நிற்கிறது. இருந்தாலும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை நியாயமானது. பிராணியை வளர்த்துப் பலன் அனுபவிப்பவரே அது செய்யும் சேதத்துக்கும் பொறுப்பு என்பதே அந்த அடிப்படை.

நாய் விஷயத்தில் இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது. இரவில் சாளையைக் காக்கும்போது அது நம் நாய். ஆட்டைக் கடித்துவிட்டால் அது ஊர் நாய். பட்டிக்குள் புகும் நாய்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்த அநாதைகள் அல்ல. பகலில் ஒரு வீட்டில் சோறும், இன்னொரு வீட்டில் எலும்பும் தின்று, இரவில் நான்கைந்தாகச் சேர்ந்து காட்டுக்குப் போகும் நாய்கள் அவற்றில் கணிசம். கட்டுவதற்குக் கயிறு இல்லை, கழுத்தில் வார் இல்லை, ஊசி போட்டதில்லை. ஆகவே யாருடையது என்று நிரூபிக்கவும் வழியில்லை.

மற்ற நாய்களின் பிறப்பையும் கவனிக்க வேண்டும். நாய் வளர்க்க விரும்புவோர் கடுவன் குட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பொட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுக் குளத்துக் கரையிலோ, சந்தைப்பேட்டையிலோ, அடுத்த ஊர்க் கோயில் வாசலிலோ விடப்படுகின்றன. பொட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சுமார் 63 நாளில் குட்டி போடும். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் சாதாரணம். யார் கண்ணிலும் படாமல் விட்டு வந்த இரண்டு குட்டிகள் சில ஆண்டுகளில் ஒரு கூட்டமாகத் திரும்பி வருகின்றன. தெருநாய் என்று இன்று எல்லோரும் சபிப்பது பெரும்பாலும் நேற்று ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் பிறந்ததுதான்.

அவற்றுக்குத் தீனி போடுவதும் நாமே. சாலையோரம் கொட்டப்படும் கோழிக் கழிவும், பண்ணைகளில் செத்து வீசப்படும் கோழிகளும் நாய்களுக்கு இறைச்சிச் சுவையைப் பழக்குகின்றன. இதில் ஆட்டுக்காரர்களும் தப்ப முடியாது. நோயில் செத்த குட்டியைப் புதைக்காமல் பள்ளத்தில் எறிவது பல இடங்களில் நடக்கிறது. மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தைப் பழம்பஞ்சாங்கம் என்று சிரிப்பவர்கள், அது நாய் வாய்க்கு எட்டாமல் போனதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இப்போதுள்ள சட்டங்கள் என்ன சொல்கின்றன? பிராணிகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001ல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023ல் புதிய விதிகள் வந்தன. தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; இது உள்ளாட்சியின் கடமை. வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு என்றும் 2023 விதிகள் கூறுகின்றன. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் இம்முறையையே உறுதி செய்தது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் திரும்ப விடப்படக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவிட்டது. அந்த இடங்களின் வரிசையில் ஆட்டுப்பட்டி இல்லை.

நகரத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தலாம். கருத்தடை செய்தால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை குறையும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கருத்தடை செய்த நாய்க்கும் பற்கள் இருக்கின்றன. பிடித்த இடத்திலேயே அதை விட்டால், பட்டிக்காரருக்கு அது அதே நாய்தான். மேலும் அறுவைக்கூடமும், பயிற்சி பெற்ற ஆட்களும், நாயை வைத்துப் பராமரிக்கக் கூண்டுகளும் ஒரு சிற்றூராட்சியால் ஏற்படுத்தக் கூடியவை அல்ல. ஊராட்சி ஒன்றிய அளவிலாவது இது அமைந்தால்தான் விதி கிராமத்துக்கு வந்து சேரும்.

பிராணியை அசட்டையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அப்பிரிவு மனித உயிருக்கோ உடலுக்கோ ஏற்படும் ஆபத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆட்டின் உயிர் அதில் அடங்காது. இங்கிலாந்தில் 1953லேயே இதற்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். விவசாய நிலத்தில் நாய் ஆட்டைக் கடித்தாலும் துரத்தினாலும் நாய்க்குச் சொந்தக்காரர் குற்றவாளி. செம்மறியை நம்பி வாழ்வோர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அங்கே இருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லாததற்கு நியாயம் ஏதுமில்லை. அத்தகைய விதியொன்றைத் தமிழக அரசு கொண்டு வர வேண்டும். விவசாய சங்கங்கள் நிவாரணத் தொகையை உயர்த்தக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்க வேண்டும்.

ஆத்திரத்தில் சோற்றில் விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் துயரம் புரியக் கூடியதே, செயல் தவறானது. பிராணியை விஷமிட்டுக் கொல்வது அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விஷத்தைத் தின்பது ஆட்டைக் கடித்த நாயாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. பக்கத்துச் சாளையின் காவல் நாய் சாகும். மயில் செத்தால் வனத்துறை வழக்கு தனி.

சட்டம் வரும் வரை ஊரே செய்யக் கூடியது நிறைய உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. எந்த வீட்டில் எத்தனை நாய், கடுவனா பொட்டையா, என்ன நிறம், எப்போது ஊசி போட்டது என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தீர்மானம் போடலாம். எழுதிய நாய்க்குக் கழுத்தில் வார் கட்ட வேண்டும். வார் இல்லாத நாய் எவருடையதும் அல்ல என்று அப்போதுதான் துணிந்து சொல்ல முடியும். ஒன்றியத்திடம் கருத்தடைக்கு வண்டி கேட்கும்போது எண்ணிக்கையும் கையில் இருக்கும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வீட்டு நாயைக் கட்டியோ, வேலிக்குள் அடைத்தோ வைப்பது ஊர்க் கட்டுப்பாடாக வேண்டும்.

கட்டிய நாய் எப்படிக் காவல் காக்கும் என்று தனிச் சாளைகளில் குடியிருப்போர் கேட்பர். திருட்டு பயம் உள்ள இடத்தில் இது நியாயமான கேள்வி. வாசலின் இரு கோடியிலும் கம்பம் நட்டு, இடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கோத்தால் நாய் வாசல் முழுவதும் ஓடிக் குரைக்கும், காட்டுக்குப் போகாது. செலவு ஓர் ஆட்டுக்குட்டியின் விலைகூட ஆகாது.

ஆடு வளர்ப்போர் தம் பங்குக்கும் சில காரியம் செய்தாக வேண்டும். கிளுவை வேலியின் கீழ் இடுக்குகளை முள் வைத்து அடைத்தல், இரவுப் பட்டியையாவது சாளைக்கு அருகே கொண்டு வருதல், ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டுதல் ஆகியவை வீண் செலவல்ல. கடிபட்டுப் பிழைத்த ஆட்டின் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய் ஊசி போட வேண்டும். கழுவுபவர் வெறுங்கையால் தொடக் கூடாது. செத்த ஆட்டைப் புதைக்கும் முன் கால்நடை உதவி மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் பார்த்து எழுதிய சான்றைப் பெறாவிட்டால் நிவாரணம் கேட்பது கடினம்.

திருப்பூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் ஊரில் கதவைத் தட்டிக் கேட்க ஒரு தலைவர்கூட இல்லை. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை நடந்துதான் ஆக வேண்டும். வரும் கூட்டத்துக்கு ஆட்டுக்காரர்கள் மட்டும் போனால் போதாது. நாய் வளர்ப்போரும், கோழிக்கடை வைத்திருப்போரும், பண்ணைக்காரர்களும் வந்து அமர வேண்டும். நாய் நோட்டு, இரவுக் கட்டு, கோழிக் கழிவுக்குக் குழி என்ற மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.