சூட்டியின் முதுகும் ஏழு தடவைக் கழுவலும்

போன கிழமை நாங்கள் போட்ட படம் ஒன்று பலருக்கு உறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்டியின் நாய் சூட்டியை, அதன் வயிற்றுக்குக் கீழே மடித்த சாரம் ஒன்றைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, முற்றத்தில் சிறுநீர் கழிக்க வைக்கும் படம். வந்த கொமென்ட்கள் இரண்டு வகை. நம்மவர்கள் கேட்டது: "சேர், நீங்களுமா நாயைத் தொடுறீங்க?" சிங்கள நண்பர்கள் கேட்டது: "பின்னால் தெரிகிற அந்தக் கூட்டுக்குள்ளா அடைத்து வைத்திருக்கிறீர்கள்? பாவம் இல்லையா? ஒபரேஷன் செய்யலாமே?"

இன்பொக்ஸில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுத நேரமில்லை. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அதனால் ஒரே பதிலாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூட்டி டாஷ்ஹண்ட் கலப்பு. நீண்ட உடம்பு, சாண் உயரக் கால்கள். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்காக வளர்த்தெடுத்த இனம் அது. கால் குட்டையாக வேண்டும் என்று மனிதன் தெரிந்தெடுத்த அதே பரம்பரை அலகு முதுகையும் கெடுத்துவிட்டது என்று 2017ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல வட்டத் தட்டுகள் இருக்கும், நடுவில் ஜெலி. இந்த இன நாய்களுக்கு அந்த ஜெலி இளவயதிலேயே வற்றி வெண்கட்டி போல இறுகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் கதிரையிலிருந்து குதிக்கும்போதோ, படியில் துள்ளும்போதோ தட்டு வெடித்து, அந்தத் தூள் மேலே போய் முண்ணாணை நெரிக்கிறது. நாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆன்டி செய்த குற்றமும் இல்லை.

இதோடு நமது கண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் வீதியிலிருந்து ஆன்டியின் வாசலுக்கு முப்பத்தொரு படி. உள்ளே சிவப்புப் பொலிஷ் போட்டு மினுக்கிய சீமெந்துத் தரை. கூரை மேலே காலையும் மாலையும் குரங்குக் கூட்டம். குட்டைக்கால் நாயின் முதுகுக்கு இதைவிடப் பொல்லாத வீட்டை யாரும் திட்டம் போட்டுக்கூடக் கட்ட முடியாது.

முதல் தடவை வந்தது 2022 மார்ச் கடைசியில். அந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காஸ் வரிசை, டீசல் வரிசை, மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. சூட்டி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நடுங்கியது. தூக்கினால் கத்தியது. ஆன்டிக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் சரியில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். மதிலுக்கு மேலால் எங்களைக் கூப்பிட்டார். எப்படியோ ஒரு திரீவீல் பிடித்து, ஹல்லொலுவ வழியாகப் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அதே கிழமைதான் பேராதனையில் மனிதர்களுக்கான போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல், அவசரமானவை தவிர்ந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியிருந்தார்கள். மனிதனுக்கே அப்படி என்றால் நாய்க்கு ஸ்கேன், மயக்க மருந்து, சத்திரசிகிச்சை என்று எந்த வாயால் கேட்பது? கேட்டாலும் ஆன்டியின் ஓய்வூதியத்துக்கோ எங்கள் சம்பளத்துக்கோ அது எட்டாது.

அங்கிருந்த வைத்தியர் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலும். நாய் தள்ளாடினாலும் நடக்கிறது, கால் விரல்களில் உணர்வு இருக்கிறது, இந்த நிலையில் சத்திரசிகிச்சை இல்லாமலே பார்க்கலாம் என்றார். "ஆனால் கூட்டுக்குள் வைக்க வேண்டும். நன்றாகிவிட்டது போலத் தெரிந்தாலும் வெளியே விடக்கூடாது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் சரியாகக் கேட்கவில்லை.

வலிக் குளிசை இரண்டு நாளில் வேலை செய்தது. சூட்டி வாலாட்டியது, கூட்டுக் கம்பியைச் சுரண்டியது, எங்களைப் பார்த்து முனகியது. ஆன்டி அழுதார். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, நோன்பு தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை, எல்லோரும் சேர்ந்து இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டோம். கூரையில் குரங்கு வந்தது. சூட்டி பாய்ந்தது. படியில் நாலைந்து உருண்டு எழும்பியபோது பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டுக்கொண்டு வந்தன. கூட்டுக்குள் வைப்பதைக் கொடுமை என்று சொல்பவர்களுக்கு எங்களிடம் இருக்கிற பதில் இதுதான். அன்றைக்கு நாங்கள் காட்டிய இரக்கம்தான் அந்த நாய்க்கு நடந்த கொடுமை.

வலிக் குளிசை வலியைத்தான் குறைக்கிறது. கிழிந்த தட்டைத் தைப்பதில்லை. வலி போனதும் நாய்க்குத் தான் சுகம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, நமக்கும் வந்துவிடுகிறது. தட்டின் கிழிசல் மூடித் தழும்பாக வாரக்கணக்கில் நேரம் வேண்டும். 2022ல் வெளியான சர்வதேச மிருக வைத்தியர்களின் பொதுப் பரிந்துரையே குறைந்தது நான்கு கிழமை கட்டுப்பாடு என்கிறது. எங்களுக்குச் சொன்னது ஆறு. இரண்டாம் தடவை ஆறையும் பிடித்தோம். நோன்பு முழுக்க, பெருநாள் அன்றும், மே மாத ஊரடங்கு நாட்களிலும்.

கூடு வேறொன்றுமில்லை, மகள் தவழ்ந்த காலத்து மரக் கட்டில். அதைக் கொடுத்ததற்காக உம்மா எங்களோடு நான்கு நாள் பேசவில்லை. நாய் எழும்பி நிற்கலாம், திரும்பலாம், படுக்கலாம், நடக்க முடியாது. கீழே தும்புத் துண்டு, அதற்கு மேல் பழைய துணி. அந்த முதல் இரண்டு கிழமை நாய்க்கு எழும்ப முடியாது. சிறுநீரும் தானாகப் போகாது. வைத்தியர் எங்கள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, பை எங்கே என்று தடவிக் காட்டி, எப்படி அமுக்குவது என்று பழக்கினார். ஒரு நாளைக்கு நான்கு தடவை. தேங்கவிட்டால் கிருமி பிடிக்கும். ஸஹருக்கு எழும்பும்போது ஒரு தடவை, பாடசாலைக்கு முன் ஒன்று, வந்ததும் ஒன்று, தராவீஹ் முடிந்து ஒன்று. ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் புண் வரும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

இந்தப் புரட்டும் வேலையின் நடுவில்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகிற கஹ்ஃப் சூராவில், குகைவாசிகளை அல்லாஹ் வலப்பக்கமும் இடப்பக்கமும் புரட்டினான் என்று வருகிறது. மண் அவர்கள் உடம்பைத் தின்றுவிடாமல் இருக்க என்று தஃப்ஸீர் எழுதியவர்கள் விளக்குகிறார்கள். அதே ஆயத்தின் அடுத்த வரியில்தான் அவர்களுடைய நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. எத்தனை வருடம் ஓதியிருக்கிறோம்!

இனி முதல் வகைக் கேள்விக்கு வருகிறோம். நாங்கள் ஷாபிஈ மத்ஹப். நாயின் ஈரம் நஜீஸ் என்பதில் எங்களுக்கு எந்தத் தகராறும் இல்லை. (மாலிகி மத்ஹபில் வேறு கருத்து இருப்பதும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நழுவ விரும்பவில்லை.) ஊரில் ஒரு ஹஸரத்திடம் கேட்டோம். காய்ந்த கை காய்ந்த உரோமத்தில் பட்டால் ஒன்றுமில்லை, ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவுங்கள், அதில் ஒன்று மண் கலந்து, அவ்வளவுதான் என்றார். ஆன்டியின் வெளிக் குழாயடியில் ஒரு வாளி மண் இப்போதும் இருக்கிறது. அந்த வேலைக்கென்றே தனிச் சாரம், தனி ரீஷேர்ட். நாய் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, நாங்கள்தான் போகிறோம். நான்கு தடவை ஏழு, இருபத்தெட்டு. கை தோல் உரிந்தது உண்மை. தரம் 8ல் ஒரு பிள்ளை, "சேர், நாய் நஜீஸ்தானே?" என்று கேட்டபோது, "ஓம், அதனால்தான் கழுவச் சொல்லியிருக்கிறது, விட்டுவிட்டு ஓடச் சொல்லவில்லை" என்று சொன்னோம்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குத்பாவில் கேட்டுக் கண் கலங்குகிறோம். அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைக் கவனித்தோமா? கிணற்றுக்குள் இறங்கினார். காலுறையில் தண்ணீர் நிரப்பினார். இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டியிருந்ததால் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு மேலே வந்தார். நாயைப் பார்த்து "பாவம்" என்று சொன்னதற்குக் கூலி கிடைத்ததாக அங்கே இல்லை. நமது ஊர்களில் பஸ் அடித்த நாயைச் சுற்றி நின்று "பாவம்" சொல்கிறவர்கள் நிறைய. ஒரு சாக்கைக் கொண்டு வந்து பிடிக்கிறவர் யார்?

ஒபரேஷன் செய்யலாமே என்பவர்களுக்கும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சத்திரசிகிச்சைக்கு எதிரானவர்கள் இல்லை. வசதி இருந்தால் செய்யுங்கள். அமெரிக்காவில் 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சை இல்லாமல் பார்த்த 223 நாய்களில் நூற்றுக்கு 55 நன்றாகின, 31 நன்றாகித் திரும்பவும் விழுந்தன, 14க்குச் சிகிச்சை கைகொடுக்கவில்லை. அந்த 31க்குள் எங்கள் சூட்டியும் ஒன்று. 2023 டிசம்பர் விடுமுறையில் ஒரு தடவை, போன மாதம் இன்னொரு தடவை. இது ஒரு தடவை பார்த்து முடிக்கிற வருத்தம் இல்லை, நாயின் ஆயுள் முழுக்கக் கூட வருகிற வருத்தம். இதை மறைத்து "கூட்டில் வைத்தால் சுகம்" என்று எழுதினால் அது பொய்.

ஒரு எல்லையும் இருக்கிறது. கால் விரலை அழுத்திக் கிள்ளும்போது நாய் காலை இழுப்பது மட்டும் போதாது, அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அந்த உணர்வு போய்விட்டது போலத் தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க நேரமில்லை, மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டும். உணர்வு இருக்கும்போது சத்திரசிகிச்சை செய்த நாய்களில் பெரும்பாலானவை நடக்கின்றன. உணர்வு போன பிறகு ஏறக்குறையப் பாதிதான். காசில்லாதவர்களும் அந்த நேரத்தில் குறைந்தது வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஆன்டியும் நாங்களும் இதைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சை இங்கே எழுத மனமில்லை.

மனிதருடைய வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். டைக்ளோபெனக், இபுப்ரோபென் இரண்டும் நாயின் குடலில் புண் போட்டு சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொய்டும் வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பதும் அப்படித்தான். ஒருவரிடம் ஊசி போட்டுவிட்டு இன்னொருவரிடம் போகும்போது போட்ட ஊசியைச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். தைலம் தேய்க்கச் சொன்னார்கள் பலர். நாய் அதை நக்கும், வயிற்றுக்குள் போகும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆன்டியின் பொலிஷ் தரையில் இப்போது தும்புப் பாய்கள். சோபாவுக்கு முன்னால் பலகைச் சரிவு. கழுத்துப் பட்டிக்குப் பதில் நெஞ்சுப் பட்டி. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றது பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு மேசை போல நேராக இருக்க வேண்டும். முப்பத்தொரு படியும் தூக்கிக்கொண்டுதான். ஆன்டி களவாகக் கொடுத்த மாரி பிஸ்கட்டை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. உடம்பு பாரம் குறையாமல் முதுகு தாங்காது என்று எத்தனை தடவை சொல்வது? "ஒன்று மட்டும் மகன்" என்பார். எங்கள் உம்மா டயபிடீஸுக்குச் சொல்கிற அதே பதில்.

இப்போது ஐந்தாம் கிழமை. சூட்டி சாரம் இல்லாமல் நிற்கிறது, இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் பின்னுகிறது. பாதத்தைப் புரட்டி வைத்தால் உடனே திருப்பி வைக்கிறது, இரண்டு கிழமைக்கு முன் அப்படியே விட்டுவிட்டு நிற்கும். கதவு திறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மகள் கலண்டரில் வெட்டிக்கொண்டு வருகிறாள்.

ஒரு வேண்டுகோள். போன செவ்வாய் பேராதனையில் எங்களுக்குப் பக்கத்தில் கம்பளையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அதே வருத்தம், அதே வகை நாய், கூடு வாங்க வசதியில்லை. நாய் உள்ளே எழும்பி நிற்கக்கூடிய பழைய மரக் கட்டில், ப்ளேபென், கம்பிக் கூடு எதுவும் உங்கள் வீட்டு மச்சில் கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கண்டி, அக்குறணை, மடவளை எங்கே என்றாலும் நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். எங்களுடையதைக் கொடுக்க ஒன்பது நாள் செல்லும், அவர்களால் அதுவரை காத்திருக்க முடியாது.