புரவலர் என்றொரு பிழை

'ஸ்பான்சர்' என்பதற்கு நாம் 'புரவலர்' என்று தமிழ் கண்டுவிட்டோம். சங்கத்தின் மணம் வீசும் சொல்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு அது நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். புரவலர் என்றதுமே கேட்கப் போகும் வீரன் இரவலன் ஆகிவிடுகிறான். கடைக்காரரும் வள்ளல் வேடம் பூண மனமின்றி, "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்று அனுப்பிவிடுகிறார்.

சிற்றிதழ் நடத்தியவர்கள் இதை அறிவார்கள். பின்னட்டை விளம்பரத்துக்குப் பணம் தந்த ஜவுளிக்கடை முதலாளி அதை நன்கொடைக் கணக்கில் எழுதிவிட்டு இதழைப் பிரித்தும் பார்ப்பதில்லை. நன்கொடை ஒருமுறை வரும், மறுமுறை வராது.

ரெப்சாலை எடுத்துக்கொள்வோம். அது ஸ்பெயின் நாட்டு எண்ணெய் நிறுவனம். இந்தியாவில் அதற்கு ஒரு பெட்ரோல் பங்க்கூட இல்லை. ஆயினும் நம் ஊர் இளைஞர்கள் ஆரஞ்சு வண்ணத்தோடு அப்பெயரைத் தம் வண்டிகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1995 முதல் 2024 வரை ஹோண்டாவின் பந்தய அணி வண்டிகளில் இருந்த பெயர் அது. மிக் டூஹன், வாலண்டினோ ரோஸி, மார்க் மார்க்கேஸ் ஆகியோர் அவ்வண்ணத்தில் உலகப் பட்டம் வென்றனர். பின்னர் ஹோண்டாவே அந்த வண்ணத்தில் வண்டிகள் செய்து இந்தியாவில் விற்றது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை மக்கள் தம் காசு கொடுத்து வாங்கி, அதன்மேல் அமர்ந்து ஊர்சுற்றுவது வேறெங்கு நடக்கும்?

இன்னொரு சான்று சற்றுக் கசப்பானது. ராத்மன்ஸ், மார்ல்போரோ, லக்கி ஸ்ட்ரைக் என்று சிகரெட் நிறுவனங்கள் பல்லாண்டு இப்பந்தயங்களில் பணத்தைக் கொட்டின. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. பயனற்ற விளம்பரத்தைத் தடுக்க யாரும் சட்டம் இயற்ற மாட்டார்கள்.

'அதெல்லாம் உலகப் பந்தயம்' என்பீர்கள். உண்மைதான். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் இளைஞனைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் சிலரே. அவன் அதை வாக்களிக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தடத்தைச் சுற்றிலும் வாகனத் தொழிற்சாலைகள். அவன் ஊரிலோ ஹெல்மெட் கடை, ஆயில் விற்பனையாளர், மெக்கானிக் பட்டறை. இவர்கள் தேடும் வாடிக்கையாளர்கள்தாம் அவனை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ஹெல்மெட் விற்பவருக்கு, அதிவேகத்தில் விழுந்து எழுந்து தன் காலால் நடந்துவந்த ஒருவனைவிடச் சிறந்த சாட்சி யார்?

ஆகவே வீரன் கோப்பைகளின் பட்டியலைக் கொண்டுபோவதில் பொருளில்லை. வணிகருக்கு அவற்றால் ஆவதென்ன? பந்தயம் இல்லாத ஞாயிறுகளில் வண்டியைக் கடைவாசலில் நிறுத்துவேன், உங்கள் வாடிக்கையாளர்களோடு பேசுவேன், படங்களை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், பருவ முடிவில் என்ன நடந்ததென்று எழுதித் தருவேன் என்று சொல்லட்டும். தோற்ற பந்தயங்களையும் சேர்த்துத்தான்.

டயருக்கே கடன் வாங்கி ஓடுகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனினும் இரண்டு செட் டயர் தருகிற ஒரு கடை, அவன் அடுத்த பருவத்திலும் ஓடுவானா இல்லையா என்பதையே தீர்மானித்துவிடலாம். அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தில் அத்தொகை நன்கொடைப் பக்கத்தில் இருக்கிறதா, விளம்பரப் பக்கத்தில் இருக்கிறதா என்று அவன் ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும்.